உப்பைக் குறைத்துவிட்டு வெள்ளைக் காய்களோடு ஐந்து ஞாயிறு

அப்பாவுக்கு ரத்த அழுத்தம் கூடிப்போய், உப்பைக் குறைக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்து இரண்டு மாதம் ஆகிறது. குழம்பு, ரசத்தை எப்படியோ சமாளித்துவிட்டோம். புளியும் மிளகும் இருந்தால் உப்புக் குறைவு அவ்வளவாகத் தெரியாது. மாட்டிக்கொண்டது பொரியலும் கூட்டும்தான். அதிலும் வெள்ளைக் காய்கள். கத்தரிக்காயும் வெண்டைக்காயும் உப்புக் கம்மியானாலும் உள்ளே போய்விடுகின்றன. முள்ளங்கி, காலிஃபிளவர், வெண்பூசணி, சுரைக்காய் என்றால் தட்டில் அப்படியே கிடக்கும். "ஏம்மா, இன்னைக்கு உப்புப் போட மறந்துட்டியா?" என்று ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு நேராக மோருக்குப் போய்விடுவார்.

"வெள்ளைக் காயில என்ன சத்து இருக்கு? விட்டுத்தள்ளு, கீரையும் கேரட்டும் வாங்கு" என்றார் அம்மா. எனக்கு விட மனம் வரவில்லை. திண்டுக்கல்லில் இருந்துகொண்டு, ஒட்டன்சத்திரம் சந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வருடம் முழுக்க மலிவாகக் கிடைக்கிற காய்களை ஏன் ஒதுக்க வேண்டும்? உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குக் காயும் பழமுமாகக் குறைந்தது 400 கிராம் சாப்பிடச் சொல்கிறது. வெள்ளைக் காய்களை எடுத்துவிட்டால் எங்கள் வீட்டுக் கணக்கு அதில் பாதிக்குக்கூட வராது.

சத்து இல்லை என்பதும் சரியில்லை. பச்சைக்குப் பச்சையம் போல, கேரட்டுக்குக் கரோட்டின் போல, வெள்ளைக் காய்களிலும் ஆந்தோஸாந்தின் என்ற நிறமிக் குடும்பம் இருக்கிறது. வெங்காயத்தில் இருக்கும் குவெர்சிடின் அந்தக் குடும்பம்தான். நெதர்லாந்தில் 20,069 பேரைப் பத்து வருடம் தொடர்ந்து பார்த்து 2011-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வெள்ளைச் சதையுள்ள காயும் பழமும் தினம் 25 கிராம் கூடுதலாகச் சாப்பிட்டவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு 9 சதவீதம் குறைவாக இருந்ததாம். ஆனால் அவர்கள் சாப்பிட்ட வெள்ளையில் பாதிக்கு மேல் ஆப்பிளும் பேரிக்காயும்தான். முள்ளங்கிக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். ஒதுக்கித் தள்ளக் காரணம் இல்லை என்ற அளவுக்கு அது எனக்குப் போதும்.

சரி, செய்து பார்ப்போம் என்று ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளை ஒதுக்கினேன். விதி ஒன்றே ஒன்று. காலையில் சின்ன டிஜிட்டல் தராசில் மூன்று பேருக்கும் சேர்த்து 12 கிராம் உப்பை அளந்து ஒரு டப்பாவில் போட்டு வைத்துவிடுவேன். அன்றைய சமையல் முழுக்க அந்த டப்பாவுக்குள்தான். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. வெளியே வாங்கும் பிஸ்கட், பிரட்டில் இருக்கிற உப்புக்கும் இடம் விட்டு, ஆளுக்கு 4 கிராம் என்று வைத்துக்கொண்டேன். மொத்த 12 கிராமில் பொரியலின் பங்கு 2 கிராம்.

முள்ளங்கி

முதல் ஞாயிறு அம்மா வழக்கமாகச் செய்கிறபடியே செய்தேன். அரைக் கிலோ முள்ளங்கியைத் தோல் சீவி, வட்டமாக நறுக்கி, குக்கரில் இரண்டு விசில், தண்ணீரை வடித்துத் தாளிப்பு. மூடியைத் திறந்ததும் அடித்த வாடை முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா வரைக்கும் போய்விட்டது. காய் நீர் கோத்து, பிழிந்தால் வடிகிற மாதிரி இருந்தது. 2 கிராம் உப்பு அதில் எங்கே போனது என்றே தெரியவில்லை. மூன்று பேருமே மிச்சம் வைத்தோம்.

வடித்த தண்ணீரைக் கொட்டும் முன் ஒரு கரண்டி குடித்துப் பார்த்தேன். இனிப்பும் லேசான காரலுமாக, முள்ளங்கி ருசி மொத்தமும் அதில்தான் இருந்தது. நாங்கள் சாப்பிட்டது சக்கையை. வைட்டமின் சி-யும் தண்ணீரில் கரைகிற சத்து என்பதால் அதிலும் பெரும்பங்கு அந்தப் பாத்திரத்தில் இருந்திருக்கும். இந்த ஐந்து வாரத்தில் நான் கற்றுக்கொண்டதெல்லாம் இந்த ஒரு கரண்டித் தண்ணீரிலிருந்து தொடங்கியதுதான். வெள்ளைக் காய்க்குத் தனி ருசி மெல்லிசாகத்தான் இருக்கும். அதை நறுக்கும்போதும் வேகவைக்கும்போதும் தொலைத்துவிட்டு, அந்த இடத்தை நிரப்பத்தான் இத்தனை நாளும் உப்பைக் கொட்டியிருக்கிறோம்.

முள்ளங்கியின் காரல் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முழு முள்ளங்கியில் காரல் என்று ஒன்று தயாராக இல்லை. குளுக்கோசினோலேட் என்ற கந்தகப் பொருள் ஒரு பக்கமும், மைரோசினேஸ் என்ற நொதி இன்னொரு பக்கமும் காய்க்குள் தனித்தனியாக இருக்கின்றன. கத்தி பட்டதும் இரண்டும் கலந்து, அப்போதுதான் மூக்கில் ஏறுகிற அந்தக் காரல் பிறக்கிறது. கடுகு அரைத்தால் ஏறுவதும் இதே வகைதான். நேராகக் கொதிக்கிற தண்ணீரில் போட்டால் நொதி செத்துவிடும். மூடி வைத்து நெடுநேரம் வேகவிட்டால் மிஞ்சிய கந்தகம் அந்தக் கெட்ட வாடையாக மாறுகிறது.

சாயங்காலமே மீதி அரைக் கிலோவை எடுத்தேன். இந்தத் தடவை தோலை முழுசாகச் சீவவில்லை. காரலில் பெரும்பகுதி தோலிலும் தோலை ஒட்டியும்தான் இருக்கிறது. நார்த் தேய்ப்பானால் மண் போகத் தேய்த்துக் கழுவிவிட்டு, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, இரண்டு ரூபாய்க் காசு கனத்தில் பிறைப் பிறையாக நறுக்கினேன். நொதி தன் வேலையைச் செய்யட்டும் என்று கால் மணி நேரம் தட்டில் சும்மா கிடக்க விட்டேன். இரும்பு வாணலியில் இரண்டு தேக்கரண்டி கடலெண்ணெய், கடுகு, உளுத்தம்பருப்பு, இரண்டு காய்ந்த மிளகாய், ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம். அது வதங்கியதும் முள்ளங்கியைப் போட்டு, மூடாமல் பெரிய தீயில் நான்கு நிமிடம் புரட்டினேன். வாடையாக வருவது அந்த நான்கு நிமிடத்தில் ஆவியோடு போய்விடுகிறது. அப்புறம் ஒரு கை தண்ணீர் தெளித்து, மூடி, சின்னத் தீயில் மூன்று நிமிடம்.

வெந்ததற்கு அடையாளம் கண்ணிலேயே தெரியும். பச்சை முள்ளங்கி சுண்ணாம்பு வெள்ளையாக இருக்கக் காரணம் அதன் திசுக்களுக்கு நடுவே அடைபட்ட காற்று. சூடு ஏறியதும் காற்று வெளியேறி அந்த இடத்தில் நீர் புகுந்துகொள்கிறது. துண்டு கண்ணாடி போலாகிவிடும். ஓரமெல்லாம் கண்ணாடியாகி, நடுவில் பொட்டளவு வெள்ளை மிச்சம் இருக்கும்போது அடுப்பை அணைத்தால் சரியான பதம். முழுக்கக் கண்ணாடியாகும் வரை விட்டால் இறக்கி வைத்த சூட்டிலேயே குழைந்துவிடும். உப்பைக் கடைசியில்தான் தூவினேன். முதலிலேயே போட்டால் நீர் விட்டுக்கொள்ளும். உப்பும் காய்க்குள்ளே போய் ஒளிந்துகொள்ளும். கடைசியில் போட்டால் மேலேயே நின்று முதல் கடியிலேயே நாக்கில் படுகிறது.

அதே 2 கிராம். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததே எனக்குப் பெரிதாக இருந்தது.

முள்ளங்கி இலையைத் தூக்கிப் போடாதீர்கள். கிழங்கை விட அதில்தான் வைட்டமின் சி-யும் கால்சியமும் அதிகம். பொடியாக நறுக்கி, ஊறவைத்த பாசிப்பருப்போடு பிரட்டினால் கீரைப் பொரியல். தைராய்டு இருக்கிற என் சித்தி முள்ளங்கியையே தொடுவதில்லை. பச்சையாகக் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிடுவதைத்தான் தவிர்க்க வேண்டும், வேகவைத்து அளவாகச் சாப்பிடலாம் என்று டாக்டரிடம் கேட்டுத் தெரிந்த பிறகு மாதம் இரண்டு தடவை செய்கிறார்.

காலிஃபிளவர்

இரண்டாவது ஞாயிறு. எங்கள் வீட்டில் காலிஃபிளவர் எப்போதும் பழுப்பு மஞ்சளாகத்தான் வேகும். புழுவுக்குப் போடும் மஞ்சள்தூளால் என்று நினைத்திருந்தேன். மஞ்சள்தூள் போடாமல் வேகவைத்தேன். அப்போதும் மஞ்சள். அப்புறம்தான் தண்ணீர் மேல் சந்தேகம் வந்தது. எங்கள் போர்த் தண்ணீர் நல்ல கடினம். பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிற ரகம். கொதிக்கும்போது காரத்தன்மை இன்னும் கூடும். ஆந்தோஸாந்தின் காரத்தில் மஞ்சளாகும், புளிப்பில் வெள்ளையாக நிற்கும்.

மூன்று சின்னப் பாத்திரம் வைத்தேன். ஒன்றில் போர்த் தண்ணீர், ஒன்றில் கேன் தண்ணீர், மூன்றாவதில் போர்த் தண்ணீரோடு அரை மூடி எலுமிச்சைச் சாறு. ஒவ்வொன்றிலும் ஆறு பூ, ஐந்து நிமிடம். எடுத்து வெள்ளைத் தட்டில் வரிசையாக வைத்தேன். முதலாவது பழைய வேட்டி நிறம். கேன் தண்ணீரில் வெந்தது பால் வெள்ளை. எலுமிச்சை போட்டதும் கிட்டத்தட்ட அதே வெள்ளை, ஆனால் கொஞ்சம் விறைப்பு. புளிப்பு, காய் குழைவதைத் தள்ளிப்போடும் என்பதால் கூடவே இரண்டு நிமிடம் வேண்டியிருந்தது. அம்மா மூன்று பூக்களையும் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இருபது வருடமாகக் கடைக்காரர் பழைய பூவைக் கட்டிவிடுகிறார் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தாராம்.

நிறம் கண்ணுக்கு. சத்துக்கு முக்கியம், வெட்டுவதும் கழுவுவதும் எந்த வரிசையில் என்பது. முள்ளங்கி போலவே இதிலும் நொதி வேலை செய்துதான் சல்ஃபோராஃபேன் போன்ற கந்தகச் சத்துப் பொருள்கள் உருவாகின்றன. பூவை உதிர்த்து நேராகக் கொதிநீரில் போட்டால் அது நடக்கவே நடக்காது. புழு போக வேண்டுமே என்று கேட்பீர்கள். முழுப் பூவை அப்படியே கவிழ்த்து, உப்புப் போட்ட பச்சைத் தண்ணீரில் இருபது நிமிடம் மூழ்க வைத்தால் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும். (அந்த உப்பு டப்பாக் கணக்கில் சேராது, கழுவிக் கொட்டிவிடுகிறோம்.) அப்புறம் குழாயடியில் அலசி, உதிர்த்து, பொடியாக நறுக்கி, முக்கால் மணி நேரம் மூடி வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம். அதற்குப் பிறகு இட்லிப் பானையில் ஆவியில் ஐந்து நிமிடம். 100 கிராம் பச்சைக் காலிஃபிளவரில் 48 மில்லிகிராம் அளவுக்கு வைட்டமின் சி இருக்கிறது. தண்ணீரில் மூழ்காமல் ஆவியில் வெந்தால் அது பெரும்பாலும் காயோடேயே நிற்கும்.

இந்த இடத்தில்தான் பக்கத்து வீட்டு நாகர்கோவில் அக்கா வந்தார். ஆவியில் வெந்ததை ஒரு பூ வாயில் போட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா எடுப்பா இல்ல. எங்க ஊர்ல கிச்சடிக்குப் பச்சைக் கடுகு சதைச்சுப் போடுவோம், அத மாதிரி போட்டுப் பாரு" என்றார். அவர்கள் ஊர்க் கிச்சடி ரவையில் செய்வது இல்லை. வெள்ளரிக்காய் அல்லது வெண்டைக்காயை வேகவைத்து, தேங்காயும் பச்சை மிளகாயும் அரைத்துவிட்டு, தயிர் ஊற்றிச் செய்வது. அதில் கடைசியாகப் பச்சைக் கடுகு சேரும். "நைசா அரைச்சிராத, கசந்துரும். ஒண்ணு ரெண்டாத் தட்டினாப் போதும். அடுப்ப அணைச்சிட்டுப் போடு."

அரைத் தேக்கரண்டிக் கடுகை அம்மிக்கல்லில் வைத்து இரண்டு தட்டு. மூக்கைத் துளைத்தது. தேங்காய் இரண்டு மேசைக்கரண்டி, பச்சை மிளகாய் ஒன்று, அரைக் கிண்ணம் தயிர். காலிஃபிளவர் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் கலந்தேன். உப்பு ஒன்றரை கிராம்தான்.

அக்காவின் கைப்பக்குவத்துக்குப் பின்னால் இருக்கிற காரணம் எனக்கு அன்றெல்லாம் மனதை விட்டுப் போகவில்லை. தாளிப்பில் வெடித்த கடுகுக்கு மணம் உண்டு, நொதி கிடையாது, சூட்டில் போய்விடுகிறது. பச்சைக் கடுகில் அதே மைரோசினேஸ் உயிரோடு இருக்கிறது. வெந்த காலிஃபிளவரில் நொதி செத்திருந்தாலும், அதன் குளுக்கோசினோலேட் மிச்சம் இருக்கும். கடுகின் நொதி அதைப் பிடித்துக்கொண்டு வேலையை முடிக்கும். வெந்த புரோக்கோலியில் கடுகுப் பொடி சேர்த்து இதை ஆய்வுக்கூடத்திலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். நாஞ்சில் நாட்டுச் சமையலில் அது எப்போதிலிருந்தோ இருக்கிறது. என்னைப் பொறுத்தவரை இன்னொன்றும் நடந்தது. அந்தக் காரல் நாக்கில் நிற்கிற வரை உப்பு குறைவது தெரியவே இல்லை. அப்பா இரண்டாவது கரண்டி கேட்டார்.

வாழைத்தண்டு

மூன்றாவது வாரத்துக்கு வாழைத்தண்டு. குலை வெட்டிய மரத்தின் மட்டைகளை உரித்துக்கொண்டே போனால் நடுவில் தந்தம் மாதிரி நிற்பதுதான் தண்டு. வெளியே மரம் என்று நாம் சொல்வதெல்லாம் இலை மட்டைகளின் அடுக்கு. பூவையும் குலையையும் மேலே தூக்கிக்கொண்டு போவது இந்தத் தண்டு. வாங்கும்போது கைக்குள் அடங்குகிற பருமனில் பாருங்கள். தடித்தது என்றால் நார் அதிகம். நகத்தால் அழுத்தினால் தயங்காமல் இறங்க வேண்டும்.

ஒரு முழத் தண்டு வாங்கினேன். மேல் மட்டை மூன்று சுற்று உரிந்தது, நான்காவது உரிய மறுத்தது. அங்கேயே நிறுத்த வேண்டும். ஒரு பெரிய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து ஒரு கரண்டி மோர் கலந்துகொண்டேன். வெட்டிய தண்டு காற்றுப் பட்டால் கறுத்துவிடும். மோரின் புளிப்பு அதைத் தடுக்கும். அரிவாள்மனையில் மெல்லிய வில்லையாக ஒன்று அறுத்தால், அதற்கும் தண்டுக்கும் நடுவே சிலந்தி வலை போல நார் இழுபடும். அந்த நாரை ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொள்ள வேண்டும். அடுத்த வில்லை, அடுத்த சுற்று. பத்து வில்லை முடிவதற்குள் விரலில் பஞ்சு மோதிரம் போட்ட மாதிரி ஆகிவிடும். கழற்றிப் போட்டுவிட்டு மறுபடி.

முதல் தடவை அவசரத்தில் வில்லைகளை அப்படியே அடுக்கிப் பொடியாக நறுக்கி வேகவைத்துவிட்டேன். அப்பாவின் பல் செட்டில் நார் மாட்டிக்கொண்டு, சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்து போக வேண்டியதாயிற்று. அது எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. வயதானவர்களுக்குச் சமைக்கும்போது இந்த நார் விஷயத்தில் அலட்சியம் கூடாது. விரலில் சுற்றி எடுத்த பிறகும் மிச்சம் இருக்கும். நறுக்கியதை மோர்த் தண்ணீரில் போட்டு, மத்தை விட்டு ஒரே பக்கமாக இரண்டு நிமிடம் சுழற்றுங்கள். மத்தின் பல்லெல்லாம் நார் சுற்றிக்கொண்டு வரும். எடுத்துப் பார்த்தால் இவ்வளவா இருந்தது என்று தோன்றும். மத்து இல்லாவிட்டால் முள்கரண்டியும் சரிதான்.

பாசிப்பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்து, நறுக்கிய தண்டோடு சேர்த்து, தண்ணீர் தெளித்து மூடி எட்டு நிமிடம். பருப்பு மலர்ந்தும் உடையாமல் இருக்க வேண்டும். தண்டு கடிபட வேண்டும். இறக்கித் தேங்காய்த் துருவல், கால் மூடி எலுமிச்சை, 2 கிராமுக்கும் குறைவாக உப்பு. பாதியை எடுத்து வைத்துத் தயிர்ப் பச்சடியும் செய்தேன். அதற்கு அடுப்பே வேண்டாம். பொடியாக நறுக்கிய பச்சைத் தண்டு, தயிர், தட்டிய பச்சைக் கடுகு, கொத்தமல்லி. என் வாக்கு பச்சடிக்குத்தான்.

தண்டு என்றாலே சிறுநீரகக் கல்லைக் கரைக்கும் என்ற பேச்சு வரும். நார்ச்சத்தும் நீரும் பொட்டாசியமும் நிறைந்த நல்ல காய் என்பதில் சந்தேகமில்லை. கல் இருக்கிறவர்கள் நிறையத் தண்ணீர் குடிப்பதும் உதவும். ஆனால் வலியை வைத்துக்கொண்டு சாற்றை மட்டும் நம்பி நாளைக் கடத்த வேண்டாம். ஸ்கேன் எடுத்து டாக்டரைப் பாருங்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் பொட்டாசியமே கட்டுப்பாடு என்பதால் கேட்காமல் சாப்பிடக் கூடாது. அப்பாவுக்கு அந்தப் பரிசோதனை சரியாக இருந்த பிறகுதான் நானே இதைத் தொடங்கினேன். சாறாகப் பிழிந்து வடிகட்டினால் நார்ச்சத்து சக்கையோடு போய்விடும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

வார நாட்களில்: பூண்டும் காளானும்

நடுவில் வார நாட்களில் இரண்டு சின்ன மாற்றங்கள். பூண்டை நசுக்கியதும் எண்ணெயில் போடும் பழக்கத்தை விட்டேன். நசுங்கும்போதுதான் பூண்டுக்கே உரிய அல்லிசின் என்ற கந்தகப் பொருள் உருவாகிறது. சூடு பட்டால் அதை உருவாக்கும் நொதி நின்றுவிடும். சமையல் தொடங்கும்போதே முதல் வேலையாகப் பூண்டைத் தட்டி வைத்துவிட்டால், வெங்காயம் நறுக்கி முடிப்பதற்குள் பத்து நிமிடம் ஆகிவிடுகிறது. அது போதும். எங்களுக்குக் கொடைக்கானல் மலைப்பூண்டு சுலபமாகக் கிடைக்கிறது. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு. பல் சின்னதுதான், ஆனால் ரசத்தில் இரண்டு பல் போட்டாலே மணம் தூக்கும். பூண்டு ரத்த அழுத்த மாத்திரைக்கு மாற்று ஆகாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் பூண்டை மருந்து போல அதிகம் சாப்பிடும் முன் டாக்டரிடம் கேட்க வேண்டும்.

காளான் காய் இல்லைதான், இருந்தாலும் வெள்ளை என்பதால் சேர்த்துக்கொண்டேன். பட்டன் காளானைச் சமைக்கும் முன் மடல் பக்கம் மேலே பார்க்க, தட்டில் பரப்பி, உச்சி வெயிலில் அரை மணி நேரம் மாடியில் வைக்கிறேன். அதிலுள்ள எர்கோஸ்டெரால் வெயில் பட்டு வைட்டமின் டி2 ஆகிறது. சமைக்க எண்ணெய் கொஞ்சம் வேண்டும், அந்த வைட்டமின் கொழுப்போடுதான் உடம்பில் சேரும். மிளகு போட்டுப் புரட்டினால் உப்பைப் பற்றிப் பேச்சே வராது. உப்புக் குறைவை மறைக்கிற ருசி காளானுக்கு இயற்கையிலேயே இருக்கிறது.

வெண்பூசணி

நான்காவது, ஐந்தாவது ஞாயிறுகள் இரண்டும் வெண்பூசணிக்கே போயின. நாகர்கோவில் அக்கா தடியங்காய் என்பார். 96 சதவீதம் தண்ணீர் இருக்கிற காயில் உப்பைக் குறைத்து ருசி கொண்டுவருவது உண்மையிலேயே கடினம். நான்காவது வாரம் கூட்டு வைத்தேன், தோற்றுவிட்டது. காய் விட்ட தண்ணீரில் மசாலா கரைந்து ஓடிவிட்டது.

ஐந்தாவது வாரம் மோர்க்குழம்பு. இந்தத் தடவை காயைத் தண்ணீரே ஊற்றாமல் வேகவைத்தேன். ஒரு அங்குலத் துண்டுகளாக்கி, கனமான பாத்திரத்தில் அரைத் தேக்கரண்டி எண்ணெயும் ஒரு சிட்டிகை மஞ்சள்தூளும் போட்டு, மூடி, மிகச் சின்னத் தீ. ஐந்து நிமிடத்தில் அதுவே நீர் விட்டு அதிலேயே வெந்து கண்ணாடியானது. அந்த நீரைக் கொட்டவில்லை. தேங்காய், பச்சை மிளகாய், சீரகம், ஊறவைத்த துவரம்பருப்பும் பச்சரிசியும் ஒவ்வொரு கரண்டி, ஒரு துண்டு இஞ்சி என்று அரைத்த விழுதை அந்த நீரிலேயே கரைத்துக் கொதிக்கவிட்டேன். பருப்பும் அரிசியும் நீரைப் பிடித்துக்கொண்டன. அப்புறம் ஒரு நாள் புளித்த தயிரைக் கடைந்து ஊற்றி, விளிம்பில் நுரை கட்டும்போதே இறக்கிவிட்டேன். கொதித்தால் திரிந்துவிடும். தேங்காய் எண்ணெயில் வெந்தயம், கறிவேப்பிலை தாளிப்பு. புளிப்பு தூக்கலாக இருந்ததால் 3 கிராம் உப்பே ஒரு குழம்புக்குப் போதுமாக இருந்தது.

சுரைக்காயும் இதே முறையில் வரும். ஆனால் ஒரு எச்சரிக்கை. சுரைக்காயை நறுக்கியதும் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் முழுக் காயையும் எறிந்துவிடுங்கள். கசப்புச் சுரைக்காயில் இருக்கிற குகுர்பிட்டசின் விஷம். கசப்பைப் பொறுத்துக்கொண்டு சாறு குடித்து உயிருக்கே ஆபத்தானவர்கள் நம் நாட்டிலேயே உண்டு. சமைத்தாலும் அது போகாது.

அடுத்து நூக்கல் வாங்கி வைத்திருக்கிறேன். வாழைத்தண்டு இப்போது வாரம் ஒரு முறை வருகிறது. நார் எடுக்கிற வேலையை அப்பா தானாகவே வாங்கிக்கொண்டார். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, மோர்ப் பாத்திரத்தை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, நான் அறுத்துக் கொடுக்கிற வில்லையை வாங்கி நிதானமாக விரலில் சுற்றுகிறார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வில்லையை வெளிச்சத்தில் பிடித்து, ஒரு இழை விடாமல் பார்க்கிறார்.

நேற்று இரவு பாத்திரம் கழுவிய பிறகு உப்பு டப்பாவை எடைபோட்டேன். ஒன்றரை கிராம் மிச்சம் இருந்தது.